அத்தியாயம் 6: கனிந்து போன பழத்தை ஓவனில் ஏற்றுவது

சைனாடவுன் பக்கம் குடியிருப்பவர் வீட்டில் கனிந்த பழம் சேர்வதற்குப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827 முதல் இருக்கும் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்தால் தட்டோடு வாழைப்பழம் வரும். சீனப் புத்தாண்டு என்றால் வருகிறவர்கள் எல்லாரும் இரண்டிரண்டாக மாண்டரின் ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தேக்காவில் பங்கனபள்ளிப் பெட்டியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு யார் வருவார்கள்? நம் ஊர் வெப்பத்தில் இவை எல்லாம் ஒரே வாரத்தில், சில சமயம் ஒரே நாளில், மொத்தமாகக் கனிந்துவிடும்.

2023ல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு சுமார் 755,000 டன். அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 18 விழுக்காடு. உங்கள் மேசையில் கறுத்துக் கிடக்கும் நான்கு வாழைப்பழம் இந்தக் கணக்கை மாற்றிவிடாது. ஆனால் நல்ல கேக் ஆகும். அதுவே போதுமான காரணம்.

இந்த அத்தியாயத்தில் அடிக்கடி சொல்லப்போவது ஒன்றுதான்: பழத்தை எண்ணாதீர்கள், உரித்து எடை போடுங்கள்.

முதலில், பழம் தேறுமா?

கனிந்த பழம் வேறு, கெட்ட பழம் வேறு. ஓவன் சூடு கெட்டதை நல்லதாக்காது. பூஞ்சை சில சமயம் விடும் நச்சு கேக் வேகும் சூட்டிலும் முழுதாக அழிவதில்லை. ஆகவே எதையும் உரிப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. மோந்து பாருங்கள். தேன் போல, கொஞ்சம் தூக்கலாக மணத்தால் சரி. கள் வாடையோ காடி வாடையோ அடித்தால் குப்பைத்தொட்டிதான்.
2. காம்பைப் பாருங்கள். வாழைப்பழத்தில் பூஞ்சை முதலில் சீப்பின் கழுத்தில்தான் பிடிக்கும், வெள்ளைப் பஞ்சு போல. மாம்பழத்திலும் காம்பைச் சுற்றிக் கறுத்து அமுங்கினால் உள்ளே அழுகல் இறங்கியிருக்கலாம்.
3. தோல் வெடித்து நீர் கசிகிறதா? கசிந்த இடத்தில் சின்ன ஈ மொய்க்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் விட்டுவிடுங்கள்.
4. வெட்டிப் பாருங்கள். வாழைப்பழத்தின் சதை பழுப்பாக, கூழாக இருப்பதால் குற்றமில்லை. சாம்பல் நிறமோ கறுப்பு நரம்போ தெரிந்தால் அந்தப் பழம் வேண்டாம்.

பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கெட்டியான கேரட்டுக்கு அது சரிப்படலாம். கனிந்த பழம் மெத்தென்று இருப்பதால் பூஞ்சை வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுப் பழத்தையும் எறியுங்கள்.

தோல் முழுக்கக் கறுத்த வாழைப்பழத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். காயாக இருந்தபோது இருந்த மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாக மாறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பாதி மஞ்சள், பாதிப் புள்ளியாக இருக்கும் பழத்தில் கேக் செய்தால் சப்பென்றுதான் வரும். அதை அப்படியே சாப்பிட்டுவிடுங்கள்.

வீட்டில் பழம் இல்லையென்றால்

ஸ்மித் ஸ்திரீட்டில் இருக்கும் சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தை. மேலே இருக்கும் உணவங்காடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கீழே இறங்குவதில்லை. காலையில் போங்கள், மதியத்துக்குள் பல கடைகள் ஒதுக்கிவிடும். திங்கட்கிழமை ஈரச்சந்தைக் கடைகள் பல மூடியிருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பழக்கடையில் முன்வரிசையைப் பார்க்காதீர்கள். தராசுக்குப் பக்கத்திலோ மேசைக்கு அடியிலோ ஒரு பிளாஸ்டிக் கூடையில் புள்ளி விழுந்த வாழைப்பழமும் ஒரு பக்கம் அமுங்கிய மாம்பழமும் கிடக்கும். கடைக்கார ஆன்ட்டிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராவிட்டால் கனிந்த வாழைப்பழத்தை "பீசாங் மாசாக்" என்று மலாயில் கேளுங்கள். அந்தத் தலைமுறைக்குச் சந்தை மலாய் நன்றாகவே வரும். எதற்கு என்று கேட்டால் "கேக்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் இன்னும் கனிந்ததாகத் தேடி எடுத்துத் தருவார், விலையையும் குறைப்பார்.

தேக்காவுக்குப் போவதானாலும் தூரமில்லை. வடகிழக்குப் பாதையில் சைனாடவுனிலிருந்து மூன்றாவது நிலையம் லிட்டில் இந்தியா. மாம்பழத்துக்கும் ஏலக்காய்க்கும் ரவைக்கும் அங்கே போவதே நல்லது. கேக் டின், கம்பித் தட்டு, ஓவன் வெப்பமானி போன்றவற்றுக்கு டெம்பிள் ஸ்திரீட் பாத்திரக் கடைகள் நெடுங்காலமாகப் பேர் போனவை.

எண்ணிக்கையை ஏன் நம்பக்கூடாது

"வாழைப்பழம் 3" என்று ஒரு சமையல் குறிப்பு சொன்னால் அதை எழுதியவர் எந்தப் பழத்தை வைத்து எழுதினார் என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டுப் புத்தகம் என்றால் கேவண்டிஷ். உரித்தால் ஒன்று 100 முதல் 120 கிராம் வரும். கோயில் தட்டில் வருவது பெரும்பாலும் சின்னப் பழம். பீசாங் மாஸ் ஒன்றை உரித்தால் 40, 50 கிராம்தான். பீசாங் ராஜா இரண்டுக்கும் நடுவே. ஆக, ஒரே "மூன்று பழம்" 130 கிராமாகவும் இருக்கலாம், 350 கிராமாகவும் இருக்கலாம். முதலாவதில் கேக் வறண்டு விரிசல் விடும். அளவு தலைகீழாக மாறினால் அடியில் களி போல ஒரு படலம் நிற்கும். கேக் சரியாக வரவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஓவனைத்தான் குறை சொல்வார்கள். தவறு நடந்தது அதற்கு முன்பே, பழத்தை உரித்த இடத்தில்.

ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். இந்தப் புத்தகத்தில் சொல்லும் கருவிகளில் ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் அது தராசாக இருக்கட்டும்.

ஓவனும் மின்சாரமும்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பெரும்பாலும் மேசை மீது வைக்கும் ஓவன்தான். அதில் நல்ல கேக் வரும், சில விஷயங்களைக் கவனித்தால்.

• நம் மின்சாரம் 230 வோல்ட். மூன்று முனைப் பிளக்கின் வரம்பு 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3,000 வாட். ஓவனைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் சொருகுங்கள். நீட்டிப்புக் கம்பியில் ஓவனும் மின்கெண்டியும் ஒன்றாகச் சேரக்கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.
• புதிதாக வாங்கினால் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.
• பின்பக்கமும் இரு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே துணி, ரொட்டிப் பை எதையும் வைக்காதீர்கள்.
• திருகில் 170 என்று இருப்பதால் உள்ளே 170 என்று அர்த்தமில்லை. 20 டிகிரி கூடக் குறைய இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி மலிவுதான். ஒரு முறை வைத்துப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம் என்று ஓவன் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.
• காற்றாடி உள்ள ஓவன் என்றால் இங்கே சொல்லும் வெப்பத்தில் 20 டிகிரி குறையுங்கள்.
• சின்ன ஓவனில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும். கீழ்த்தட்டில் வையுங்கள். மேல் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். தாள் கம்பியைத் தொடக்கூடாது.
• கண்ணாடிப் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஓவனில் வைக்காதீர்கள். சூடான கண்ணாடியை ஈரமான மேடையிலும் வைக்காதீர்கள். இரண்டிலும் வெடிக்கும்.

ஓவனே இல்லையா? வாழைப்பழ கேக்கை இட்லிப் பானையில் ஆவியிலும் வேகவைக்கலாம். மலாய் வீடுகளில் அப்படிச் செய்வது வழக்கம். மூடியைத் துணியால் கட்டினால் நீர் சொட்டாது. துணியின் முனைகளை மூடியின் மேலே இழுத்து முடிந்துவிடுங்கள். தொங்கினால் அடுப்பில் பற்றும்.

"அறை வெப்பம்" என்ற பொறி

குளிர் நாட்டுப் புத்தகம் "அறை வெப்பத்தில் வெண்ணெய்" என்றால் 18 முதல் 20 டிகிரியைச் சொல்கிறது. நம் சமையலறை 30. வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் அது எண்ணெயாகிவிடும். பிறகு என்ன அடித்தாலும் காற்றுப் பிடிக்காது. கால் மணி நேரம் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் வழுக்கக்கூடாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் கீழே உள்ள குறிப்புகளில் எண்ணெயும் நெய்யும் போட்டிருக்கிறேன்.

குறிப்பு 1: வாழைப்பழ லோஃப்

23 × 13 செ.மீ. லோஃப் டின் ஒன்றுக்கு:

உரித்த கனிந்த வாழைப்பழம் 350 கிராம்
மைதா 200 கிராம்
நாட்டுச் சர்க்கரை அல்லது சீவிய குலா மலாக்கா 100 கிராம்
முட்டை 2
வாசனையற்ற எண்ணெய் 90 மி.லி.
தயிர் 2 மேசைக்கரண்டி
ஆப்பச் சோடா 1 தேக்கரண்டி, தட்டையாக வழித்தது
உப்பு அரைத் தேக்கரண்டி
ஏலக்காய் 3, பொடித்தது

செய்முறை:

1. ஓவனை 170 டிகிரிக்கு ஏற்றுங்கள். டின்னில் பேக்கிங் தாளை இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். பிறகு தூக்குவதற்கு அதுதான் கைப்பிடி.
2. பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். மிக்சி வேண்டாம். அங்கங்கே பட்டாணி அளவு கட்டி இருந்தால் வெட்டும்போது தேன் பொட்டுப் போலத் தெரியும்.
3. அதிலேயே சர்க்கரை, முட்டை, எண்ணெய், தயிர் சேர்த்துக் கலக்குங்கள். குலா மலாக்கா என்றால் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள், கரைந்துவிடும்.
4. வேறொரு பாத்திரத்தில் மைதா, சோடா, உப்பு, ஏலக்காயைச் சலியுங்கள். சோடா கட்டியாக நின்றால் அந்த இடம் கசக்கும். இந்தப் படியைத் தாவாதீர்கள்.
5. மாவை ஈரக் கலவையில் கொட்டி, அகப்பையால் அடியிலிருந்து மேலாக மடியுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத நொடியில் நிறுத்துங்கள். கலவை கொஞ்சம் திட்டுத்திட்டாக இருக்கும், இருக்கட்டும்.
6. உடனே டின்னில் ஊற்றி ஓவனில் வையுங்கள். சோடா பழத்தின் புளிப்பைத் தொட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். கலந்து வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் காற்று போய்விடும்.
7. 50 முதல் 60 நிமிடம். முதல் 35 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். நடுவில் குத்திய பல்குச்சியில் ஈர மாவு ஒட்டக்கூடாது. ஒன்றிரண்டு துகள் ஒட்டலாம்.
8. டின்னிலேயே 10 நிமிடம் விட்டு, பிறகு தாளைப் பிடித்துத் தூக்கிக் கம்பித் தட்டில் வையுங்கள். டின்னில் அப்படியே விட்டால் அடி வியர்த்து நசநசக்கும்.

கலவையை விரலால் தொட்டு நக்குவது, குழந்தைகளுக்குப் பாத்திரத்தை வழிக்கக் கொடுப்பது இரண்டும் வேண்டாம். பச்சை முட்டை மட்டுமல்ல, வேகாத மாவிலும் கிருமி இருக்கலாம்.

*முட்டையில்லாமல்:* கோயில் பிரசாதப் பழத்தில் முட்டை சேர்க்க மனம் வராதவர்கள் பலர். முட்டை இரண்டையும் விட்டுவிட்டு, தயிரை 120 கிராமாகக் கூட்டுங்கள், கெட்டியான தயிராக. மைதா 220 கிராம், எண்ணெய் 80 மி.லி., ஆப்பச் சோடா அரைத் தேக்கரண்டி, அதனோடு பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி. உயரம் கொஞ்சம் குறையும்; ஈரம் குறையாது. மறுநாள் சாப்பிட இதுதான் இன்னும் ருசி என்பது என் எண்ணம்.

கேக் ஏன் இப்படி வந்தது?

அடியில் ரப்பர் போன்ற படலம்: பழம் அதிகம், அல்லது கலவையை அதிகம் அடித்துவிட்டீர்கள். பழத்தின் எடை மாவின் எடையைப் போல ஒன்றே முக்கால் மடங்கைத் தாண்டக்கூடாது. நான்கு பழம் மிச்சமிருக்கிறதே என்று அதையும் தள்ளுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

உள்ளே நீளமான பொந்துகள்: கலக்கியது அதிகம்.

நடுவில் பள்ளம்: கதவைச் சீக்கிரம் திறந்தது, அல்லது உள்ளே வேகாமல் எடுத்தது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 95 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும்.

சோப்பு வாடையும் கரிய நிறமும்: சோடா கூடிவிட்டது. "செல்ஃப் ரெய்சிங்" என்று பையில் போட்டிருக்கும் மாவை வாங்கி, அதில் மேலும் சோடா போட்டாலும் இதே கதிதான். அந்த மாவில் உப்பவைக்கும் பொருள் ஏற்கனவே இருக்கிறது.

குறிப்பு 2: மாம்பழ ரவை கேக்

முட்டை இல்லை, மைதா இல்லை, மிக்சியைத் தவிர எந்தக் கருவியும் இல்லை. முதன்முதலாகக் கேக் செய்கிறவர் இதில் தொடங்கலாம்.

கனிந்த மாம்பழத்தைச் செதுக்கி அரைத்து, 250 மி.லி. சாறு எடுத்துக்கொள்ளுங்கள். நாராக இருந்தால் வடிகட்டுங்கள். அதிகம் கனிந்த மாம்பழத்தில் கொட்டையை ஒட்டிய சதை சில சமயம் பழுப்பாக, கூழாக, ஒரு மாதிரி வாடையோடு இருக்கும். அதைச் சேர்க்காமல் ஒதுக்குங்கள். அல்ஃபோன்சா என்றால் மணத்துக்கு ஏலக்காய்கூட வேண்டாம். தாய்லாந்துப் பழம் இனிப்பு அதிகம், புளிப்புக் குறைவு; எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி சேர்த்தால் சோடா நன்றாக வேலை செய்யும்.

1. மெல்லிய ரவை 200 கிராம், சர்க்கரை 120 கிராம், உருக்கிய நெய் 80 மி.லி., மாம்பழச் சாறு, தயிர் 60 மி.லி. எல்லாவற்றையும் கலக்குங்கள்.
2. 20 நிமிடம் மூடி வையுங்கள். ரவை ஊறி உப்பும். இந்த நேரத்தில் ஓவனை 175க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.
3. ஊறிய கலவை இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். இறுகிவிட்டால் பால் இரண்டு மூன்று கரண்டி விடுங்கள்.
4. பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஆப்பச் சோடா கால் தேக்கரண்டி, சிட்டிகை உப்பு இவற்றைக் கடைசியில் கலந்து, 20 செ.மீ. சதுர டின்னில் ஊற்றுங்கள். முந்திரி தூவலாம்.
5. 35 முதல் 40 நிமிடம். ஓரம் டின்னை விட்டு விலகினால் வெந்துவிட்டது.

ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டில் ரவை உதிரும்.

குறிப்பு 3: புத்தாண்டு ஆரஞ்சுக்கு ஒரு வழி

சீனப் புத்தாண்டு பதினைந்தாம் நாளோடு முடிகிறது. அதற்குள் சாப்பிட்டது போக, தோல் சுருங்கி, சுளை உலர்ந்துபோன ஆரஞ்சு ஒரு தட்டு நிறைய மிஞ்சும். உரித்துத் தின்ன யாருக்கும் ஆசை இருக்காது. தோலோடு முழுதாக வேகவைத்து அரைத்தால் மாவே இல்லாத ஈரமான கேக் வரும். மத்தியக் கிழக்கு யூத வீடுகளின் வழக்கம் இது. நம் நார்த்தங்காய், கிச்சிலி ஊறுகாய் தின்று வளர்ந்த நாக்குக்கு அந்த மெல்லிய கசப்பு ஒத்துப்போகும்.

மாண்டரின் ஆரஞ்சு 375 கிராம் (பெரியதாக இருந்தால் இரண்டரை, சிறியதாக இருந்தால் ஐந்து, நான் சொன்னபடி எடையைப் பாருங்கள்), பாதாம் பொடி 250 கிராம், சர்க்கரை 220 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி.

1. தோலை வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள்.
2. முழுப் பழத்தை நீரில் மூழ்கவிட்டு, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை நீரைப் பாருங்கள். அடுப்பை விட்டு வெளியே போகாதீர்கள். குக்கர் என்றால் முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 20 நிமிடம். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, தோல் மேலே மிதந்து ஆவித் துளையை அடைக்கலாம். அழுத்தம் தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள்.
3. முழுதாக ஆறவிடுங்கள். பிறகு குறுக்கே வெட்டி விதைகளைத் தேடி எடுங்கள். ஒரு விதை மிக்சியில் போனாலும் கேக் முழுக்கக் கசக்கும்.
4. தோலும் சுளையுமாக மிக்சியில் விழுதாக்குங்கள். சூடான பழத்தை மிக்சியில் போட்டால் ஆவி மூடியைத் தள்ளி முகத்தில் தெறிக்கும். ஆறவிடச் சொன்னது அதற்காகத்தான்.
5. முட்டையும் சர்க்கரையும் நுரைக்கும்வரை அடித்து, விழுதைக் கலந்து, கடைசியில் பாதாம் பொடியும் பேக்கிங் பவுடரும் சேருங்கள்.
6. 20 செ.மீ. வட்ட டின்னில் தாள் விரித்து ஊற்றி, 170 டிகிரியில் ஒரு மணி நேரம். 40வது நிமிடத்தில் மேலே தாள் மூடுங்கள், பாதாம் சீக்கிரம் சிவந்துவிடும்.

பாதாம் பொடி விலை கையைக் கடித்தால் பாதி பாதாம், பாதி முந்திரி போடலாம். முந்திரியை அரைக்கும்போது குறிப்பில் உள்ள சர்க்கரையில் ஒரு கைப்பிடி சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் விட்டு உருண்டையாகிவிடும்.

மற்ற பழங்கள், சுருக்கமாக

அன்னாசியைப் பச்சையாகக் கலவையில் போடாதீர்கள். அதில் புரதத்தை அறுக்கும் நொதி உண்டு. முட்டையும் பாலும் சேர்ந்த கலவையைத் தண்ணீராக்கும். துருவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு சேருங்கள். நிறைய இருந்தால் பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டு ஜாமாகக் காய்ச்சுங்கள், டார்ட்டுக்கு ஆகும். ஜாம் இறுகும்போது கொப்பளித்துத் தெறிக்கும். நீளமான கரண்டியும் கையுறையும் வேண்டும்.

பலாவும் செம்படாக்கும் பொடியாக நறுக்கி வாழைப்பழ லோஃபில் 80 கிராம் வரை சேர்க்கலாம். பப்பாளிக்குக் கேக்கில் மணமே நிற்காது. ஐஸ் போட்டு அடித்துக் குடித்துவிடுங்கள். தர்ப்பூசணி வெறும் தண்ணீர். டுரியான் வாழைப்பழத்துக்குப் பதிலாகப் பாதி அளவு போட்டால் அருமையாக வரும். ஆனால் அதற்கு ஆளைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

இன்று நேரமில்லை என்றால்

உரியுங்கள், எடை போடுங்கள், பையில் 350 கிராமாகக் கட்டுங்கள், எடையையும் தேதியையும் எழுதி உறையவையுங்கள். தோலோடு உறையவைத்தால் பிறகு உரிக்கும்போது விரல் மரத்துவிடும். மூன்று மாதம் வரை சுவை கெடாது. பனி உருகும்போது பழுப்பு நீர் பிரியும். அதைக் கொட்டாதீர்கள், எடையில் அதுவும் சேர்த்திதான். குளிர்ச்சி முழுதாகப் போன பிறகே எண்ணெயோடு கலக்குங்கள்.

செய்த கேக்கை நம் ஈரப்பதத்தில் வெளியே ஒரு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு குளிர்சாதனப் பெட்டி. ஆறாத கேக்கை டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்க்கும். அந்த நீரில்தான் மறுநாள் பூஞ்சை பிடிக்கும். ஆரஞ்சு கேக் ஈரம் அதிகம் என்பதால் அதை அன்றைக்கே குளிரில் வையுங்கள்.

அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது

ஒரே தாழ்வாரத்தில் நாலு வீடு என்றால் நாலு விதமான விரதம். முதலில் கேளுங்கள், பிறகு கொடுங்கள்.

மலாய், தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கு என்றால் வெனிலா எசன்சைப் பாருங்கள். பல வகைகளில் ஆல்கஹால் இருக்கிறது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் (முயிஸ்) ஹலால் முத்திரை உள்ள வாசனையையும் பொருள்களையும் வாங்குங்கள், அல்லது ஏலக்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீன அண்டை வீட்டார் சிலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அதில் முட்டை உண்டா இல்லையா என்பது வீட்டுக்கு வீடு மாறும். நம் வீடுகளில் செவ்வாய், வெள்ளி. பாதாமும் முந்திரியும் ஒவ்வாதவர் இருக்கலாம், குறிப்பாகக் குழந்தைகள். டப்பா மேல் ஒரு சின்னத் தாளில் முட்டை, பால், கோதுமை, கொட்டைப்பருப்பு எது எது இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள்.

கேக் பிடித்துப்போனால் செய்முறை கேட்பார்கள். அப்போது வாயால் சொல்லாதீர்கள். "ஒரு நாலு பழம், ஒரு கப் மாவு" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் வீட்டில் அது வேறு கேக் ஆகிவிடும். எழுதிக் கொடுங்கள். எழுத வேண்டியவை:

1. எந்தப் பழம், எவ்வளவு கனிந்தது, உரித்த பின் எத்தனை கிராம்.
2. மாவுப் பையில் என்ன பெயர் போட்டிருந்தது.
3. டின்னின் நீள அகலம். "நடுத்தர டின்" என்பது அளவல்ல.
4. எந்த வகை ஓவன், காற்றாடி ஓடியதா, எந்தத் தட்டு, திருகில் எவ்வளவு, வெப்பமானியில் எவ்வளவு.
5. நேரத்தோடு, வெந்ததற்கான அடையாளமும். ஓவனுக்கு ஓவன் நேரம் மாறும், அடையாளம் மாறாது.
6. யாரிடமிருந்து கற்றீர்கள் என்பது. முதலில் சொல்லிக்கொடுத்தவர் பெயரை விட்டுவிட்டுக் கொடுப்பது நாகரிகமல்ல.

சிலர் இதோடு நிற்காமல் ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள். வீட்டில் சிறிய அளவில் செய்து விற்கச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. வீவக வீடானால் அதன் சிறுதொழில் விதிகள் உண்டு: வெளியாளை வேலைக்கு வைக்கக்கூடாது, விளம்பரப் பலகை மாட்டக்கூடாது, புகையோ சத்தமோ அண்டை வீட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது. தனியார் வீட்டுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள். முதல் ஆர்டரை வாங்கும் முன் இரண்டையும் அவற்றின் இணையத்தளத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள். விற்பதற்குச் செய்யும்போது அடிபட்ட பழத்தை எடுக்கும் துணிச்சலைக் குறைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான பழம் நம் வீட்டு லோஃபுக்குக்கூட ஆகாது, காசு வாங்கும் கேக்குக்கு அறவே ஆகாது.